பயண நேரம் நீங்கலாக

கைது செய்யப்பட்ட யாரையும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும் விஷயம். அரசியலமைப்புச் சட்டத்தின் 22வது பிரிவு. பாடத்தில் வராமல் போகும் ஒரு சிறு துண்டு அதே வாக்கியத்துக்குள் இருக்கிறது: கைதான இடத்திலிருந்து நீதிமன்றம் வரைக்குமான பயண நேரம் நீங்கலாக. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஒரு மலைக்கிராமத்திலிருந்து தாலுகா கோர்ட்டுக்கு வந்து சேரவே ஒரு நாள் ஆகியிருக்கும். மாட்டு வண்டியை மனதில் வைத்து எழுதிய சலுகை என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

இப்போது ராஜஸ்தானின் ஒரு கிராமத்திலிருந்து ஒருவரை ரயிலில் சென்னைக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆகிறது. சட்டப்படி அப்படி நேராக ஏற்றிவந்துவிட முடியாது. அங்கே அருகிலிருக்கும் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி, கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும். 'டிரான்சிட் ரிமாண்ட்' என்று கோர்ட் வட்டாரத்தில் சொல்வார்கள். ஆனால் எந்த நேரத்தில் கைது செய்தோம் என்று எழுதுவது கைது செய்தவர் கையில் இருக்கிறது. ஆளைப் பிடித்ததற்கும் கைது என்று எழுதியதற்கும் நடுவே ஒரு பயணம் இருந்துவிட்டால், அந்தப் பயணத்துக்குக் கணக்கு கிடையாது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். எந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தார் என்பதெல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வெளிமாநில டூட்டிக்கு ஏழெட்டு முறை போனவர். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போகும்.

"ரூல் எல்லாம் புக்குல கீது தம்பி. நாலு பேரு போவோம். டிக்கெட் கன்ஃபார்ம் ஆவாது. டி.ஏ. எப்ப வரும்னு தெரியாது. நகை போன பார்ட்டியே காசு குடுத்து அனுப்பறதும் உண்டு. அங்க எறங்கிட்டா நாம ஊமை. லோக்கல் ஸ்டேஷன்ல போயி சொன்னா, நாம வெளிய வர்றதுக்குள்ள அவனுக்கு போன் போயிடுமோன்னு பயம். சொல்லாம போனா ஊரே கட்டையத் தூக்கினு வரும். இன்னா செய்வ நீ?"

பிடித்து வந்தவரோடு ஜன்னலோர சீட்டில் ஒரே விலங்கில் பிணைத்துக்கொண்டு இரண்டு இரவு வந்திருக்கிறார். ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்திருக்கிறார். தூக்கத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள். பாஷை இல்லாததால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. "அவன் மூஞ்சி இப்பவும் ஞாபகம் கீது" என்றார். நல்ல மனுஷர்தான். அதனால்தான் தைரியமாகக் கேட்டேன்: கொண்டுவந்தது தப்பான ஆள் என்று பாதி வழியில் உங்களுக்குத் தோன்றினால் என்ன செய்வீர்கள் சார்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "புடிச்சாச்சுன்னு ஐயாவுக்கு போன் போட்ட பொறவு, தப்பான ஆளுன்னு யாருகிட்ட சொல்றது?"

யாரிடம் சொல்வது என்ற அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறேன். மாநில எல்லை தாண்டி போலீஸ் போகலாமா என்பதில் பெரிய விவாதம் ஒன்றும் இல்லை. போக வேண்டும். திருடனுக்கு மாநிலம் கிடையாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருந்தாலும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48வது பிரிவே இந்தியாவின் எந்த இடத்துக்கும் துரத்திப்போகலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. ஆக, அதிகாரம் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அந்த அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்கும் ஆள் யாரும் கூடவே தாண்டி வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

துரத்திப்போக வேண்டிய நியாயம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுவிலிருந்து 2005 வரை தமிழ்நாட்டு நெடுஞ்சாலையோரத் தனி வீடுகளில் வரிசையாகக் கொள்ளைகள் நடந்தன. லாரியில் வருவார்கள், இரவில் கதவை உடைப்பார்கள், இரும்புக் கம்பியால் தலையிலேயே அடிப்பார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் அவர் வீட்டிலேயே கொல்லப்பட்டார். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். ஊருக்கு வெளியே, ரோட்டோரமாக இருந்த உறவினர் வீட்டில் அந்த மாதம் முழுக்க யாரும் சரியாகத் தூங்கவில்லை. வெளியே லாரி ஒன்று வேகம் குறைந்தாலே பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வட மாநிலங்களுக்குப் போய் பவாரியா கும்பலைப் பிடித்தது என்ற செய்தி வந்தபோது அந்த வீட்டில் யாரும் சட்டப்பிரிவு கேட்கவில்லை. அந்த நிம்மதியை நான் எள்ளிநகையாட மாட்டேன். எல்லை தாண்டாத போலீஸ் அந்த வீடுகளுக்கு எந்தப் பயனும் இல்லாத போலீஸ்.

எல்லையைக் காரணம் காட்டி நகராத போலீசையும் நமக்குத் தெரியும்தானே. லாரி அடித்துப்போட்ட உடல் சாலையில் கிடக்க, "இது எங்க லிமிட் இல்லை" என்று இரண்டு ஸ்டேஷன்காரர்கள் பேசிக்கொண்டிருப்பதை கிராமத்தில் வளர்ந்த எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்போம். எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்கியாக வேண்டும் என்ற 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' அதனால்தான் தேவைப்பட்டது.

இந்தக் கதை பிறகு சினிமாவாகி 2017 நவம்பரில் 'தீரன் அதிகாரம் ஒன்று' என்று வந்தது. நானும் தியேட்டரில் கைதட்டியவர்களில் ஒருவன். படத்தில் நம் போலீஸ் வடக்கே போகிறது. அங்கிருக்கும் கிராமம் முழுக்க எதிரி. பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் எல்லோரும் ஒரே கும்பல். அந்த இனமே வேட்டையாடிப் பழகிய இனம் என்று ஒரு சரித்திரப் பாடமும் நடுவில் வரும். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டபோது சொன்ன காரணத்துக்கும் அதற்கும் ரொம்ப தூரமில்லை. அந்தச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர்க்காரர்கள் 1920 ஏப்ரலில் சுடப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாடு நம்முடையது. அதே நாம், பட்டியலில் இருப்பவன் இந்தி பேசினால் கைதட்டுகிறோம்.

படம் வருவதற்கு இரண்டரை வருடம் முன்பு, 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, திசை திரும்பியது. திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக்கொன்றது. எல்லோரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்து மரம்வெட்டிகள். மலைக்கிராமத்து ஆட்கள் அவர்களில் நிறைய. நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். சிலரை முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அன்றைக்கு நம் ஊர் டீக்கடைகளில் எல்லோருமே மனித உரிமைப் போராளிகள். 'மரம் வெட்டினா கொன்னுடுவியா?' என்று கேட்டார்கள். சரியான கேள்வி. நம் தனிப்படை வடக்கே போனபோது அந்தக் கேள்வியை ஹரியானாவின் டீக்கடையில் யாராவது கேட்டிருக்கக்கூடும். நமக்குக் கேட்கவில்லை.

இது வெறும் இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இதில் ஒரு அமைப்பு இருக்கிறது. உள்ளூரில் ஒருவனைப் போலீஸ் பிடித்தால் அவன் யார் மகன், எங்கே வேலை, நேற்று ராத்திரி எங்கே இருந்தான் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஸ்டேஷனுக்குப் போவார். வக்கீல் கிடைப்பார். வேறு மாநிலத்தில் அவனை அறிந்தவர் இல்லை. அறிமுகம் இல்லாத இடத்தில் அவனுக்குப் பதிலாக அவன் இனம் வந்து நிற்கும். பவாரியா, குறவர், இருளர், மரம்வெட்டி, பிகாரி. ஆள் தெரியாதபோது வகைதான் தெரியும்.

சிலப்பதிகாரத்தை நாம் பத்தினியின் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். அதை ஒரு வெளிநாட்டான் கேஸாகப் படித்துப் பாருங்கள். கோவலன் சோழ நாட்டுக்காரன், பாண்டியன் ஊரில் சிக்கியவன். அவனைக் கொல்ல அனுப்பப்பட்ட காவலர்களே முதலில் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் அவர்களுக்கு ஒரு வகுப்பே எடுக்கிறான்: திருடர்கள் இப்படி இப்படியெல்லாம் செய்வார்கள், அவர்களுக்கு மந்திரம் உண்டு, மருந்து உண்டு, தந்திரம் உண்டு. காவலர்களில் ஒருவன் தான் பார்த்த ஒரு திருடனின் கதையைச் சொல்கிறான். கோவலனைப் பற்றி அங்கே யாரும் எதுவும் பேசவில்லை. திருடர்களைப் பற்றிப் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். அதற்கப்புறம்தான் கணக்குக் கேட்க ஒருத்தி வருகிறாள், அவளும் வெளியூர்க்காரி.

2023 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டம் புளியாண்டப்பட்டிக்கு ஆந்திராவின் சித்தூர் போலீஸ் வந்தது. ஒரு திருட்டு வழக்கு. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினரைக் கூட்டிப்போனார்கள். பெண்களையும்தான். காவலில் சித்ரவதை செய்தார்கள், பெண்களிடம் பாலியல் வன்முறை செய்தார்கள் என்று திரும்பி வந்தவர்கள் புகார் சொன்னார்கள். சித்தூர் போலீஸ் மறுத்தது. நான் இங்கே தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னைத் தொந்தரவு செய்கிறது. திருடியதாகச் சந்தேகம் ஒருவர் மீதோ இருவர் மீதோ என்றால், ஏன் குடும்பமே வண்டியில் ஏறுகிறது?

இந்தக் கேள்விக்கான பதில் எங்கள் ஊர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது என்று சொன்னால் விசித்திரமாகத் தோன்றும்.

உத்திரமேரூர் என்றதும் குடவோலை என்பார்கள். வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து எழுத்துகள், கி.பி. 919லும் 921லும் வெட்டியவை. பாராளுமன்றப் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு வெளியூர்க் கார்கள் இன்னும் அதிகமாக வருகின்றன. வருகிறவர்கள் ஜனநாயகம் என்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். அது ஒரு பிராமணர் சபையின் தேர்தல் விதி, சேரிக்கோ பெண்களுக்கோ அதில் இடமில்லை என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அது போகட்டும். எனக்கு அதில் பிடித்தது தேர்தல் முறையை விட யார் நிற்கக்கூடாது என்ற பட்டியல்தான். முதல் இடத்தில் இருப்பவன் கொலைகாரனோ திருடனோ அல்ல. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊரின் வேலையைக் கையில் வைத்திருந்தவன், விட்டுப் போகும்போது கணக்கு ஒப்படைக்கவில்லை என்றால் அவன் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

அதே வரிசையில் உடனே இன்னொன்று வருகிறது. கணக்குக் காட்டாதவனின் உறவினர்களும் நிற்கக்கூடாது. யார் யார் என்று ஒரு நீண்ட பட்டியல்: சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், தகப்பனின் சகோதரன், சகோதரியின் கணவன், மனைவியின் சகோதரன், மருமகன். ஒருவன் தப்புக்கு ஒரு கல்யாண மண்டபமே தகுதி இழக்கிறது. அதற்கும் ஒரு நியாயம் சொல்லலாம்: சொந்தக்காரனை நிறுத்தி மூடி மறைத்துவிடுவான் என்ற பயம். பதவிக்கு நிற்பது உரிமையில்லை, வாய்ப்புதான் என்றும் சொல்லலாம். ஆனால் அந்த யோசனை பதவியோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்னால் வந்த காலம் காட்டியது. ஒருவன் செய்தால் அவன் சொந்தமும் பொறுப்பு என்பது போலீஸ் ஜீப் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

உத்திரமேரூரில் இரண்டும் ஒன்றாக இருந்தன. அதிகாரத்தில் இருப்பவன் கணக்குக் காட்டு என்பது ஒன்று, குற்றவாளியின் சொந்தத்தையும் சேர் என்பது ஒன்று. நம் எல்லை தாண்டிய போலீஸ் வேலையில் இரண்டாவதை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டு முதலாவதைத் தொலைத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்படித் தொலைகிறது? டென்னிஸ் தாம்ப்சன் என்ற அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் 1980இல் எழுதிய கட்டுரையில் இதற்குப் 'பல கைகளின் சிக்கல்' என்று பெயர் வைத்தார். ஒரு காரியத்தில் நிறையக் கைகள் இருந்தால் எந்தக் கை பொறுப்பு என்று சொல்ல முடியாமல் போய்விடும். இரண்டு மாநிலம் சேர்ந்து வேலை செய்யும்போது கைகள் இரட்டிப்பாகின்றன, பொறுப்பு பாதியாகிறது. வீரப்பனைத் தேடிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடும் கர்நாடகமும் சேர்ந்து அதிரடிப்படை நடத்தின. நம் பக்கத்து மலைக்கிராமத்தவரைக் கூட்டிப்போய் மாதேஸ்வரன் மலை முகாமில் வைத்து வதைத்தார்கள் என்று எத்தனையோ சாட்சியங்கள். அங்கிருந்து மீண்டு வந்தவர் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பார்? பிடித்தது ஒரு மாநிலம், அடித்தது ஒரு மாநிலம், இரண்டும் நண்பர்கள். கடைசியில் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டு விசாரித்து, 2007இல்தான் 89 பேருக்கு நிவாரணம் என்று சொன்னது. அதற்குள் வீரப்பன் செத்தே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

மாநில எல்லைகூட வேண்டாம், ஸ்டேஷன் எல்லையே போதும். 1993இல் கம்மாபுரம் ஸ்டேஷனில் செத்த ராஜாக்கண்ணுவின் உடல் பக்கத்து மாவட்டத்து எல்லைக்குள், மீன்சுருட்டி பக்கம் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தது. 'ஜெய் பீம்' பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லை என்பது சிலருக்கு ஒளித்துவைக்க வசதியான பரண்.

இதற்கு நேர் எதிராக ஒரு சம்பவம் உண்டு. 'தீரன்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சென்னை கொளத்தூரில் நகைக்கடையில் துளையிட்டுக் கொள்ளையடித்தவர்களைத் தேடி ஒரு தனிப்படை ராஜஸ்தான் போனது. 2017 டிசம்பர் 13 அதிகாலை, பாலி மாவட்டம் ஜைதாரண் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்கள் சுட்டார்கள் என்று முதலில் செய்தி. தமிழ்நாடே கொதித்தது. சில நாளில் ராஜஸ்தான் போலீஸ் வேறு ஒன்று சொன்னது: குண்டு கூடவே போன இன்னொரு தமிழ்நாட்டு அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து, தவறுதலாக வெளியானது.

அந்தச் சமயம் நிறையப் பேருக்கு அது அவமானமாக இருந்தது. நம் ஆளை இழந்துவிட்டு நிற்கிறோம், வெளியூர் போலீஸ் வந்து நம்மையே குற்றம் சொல்கிறதே என்று. நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த இடத்தில் தமிழ்நாட்டு போலீஸ் மட்டும் விசாரித்திருந்தால், கொள்ளைக்காரன் சுட்டான் என்ற கதை அப்படியே நின்றிருக்கும். யாரோ ஒரு ராஜஸ்தான்காரர் மேல் கொலை வழக்கு ஓடியிருக்கும். சம்பவம் நடந்த மண்ணின் போலீஸ் உதவியாளாக இல்லாமல் சாட்சியாக நின்றதால் ஒரு பொய் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்க முடியவில்லை. ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு அர்த்தமும் இருக்கிறது. நாம் அந்தச் சொல்லைக் கேட்டாலே, வண்டி கொடுப்பது, ஆள் கொடுப்பது, வழிகாட்டுவது என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். கூட நின்று பார்ப்பதும் எழுதிவைப்பதும்கூட ஒத்துழைப்புதான்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. எங்கள் பக்கத்து செங்கல் சூளைகளிலும் கல்குவாரிகளிலும் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வடக்கத்தியர்கள். அந்த வாரம் மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பியவர்களை நானே பார்த்தேன். பிகார் அரசு ஒரு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது. யாரையும் பிடிக்க வரவில்லை. பார்க்க வந்தார்கள். தொழிலாளர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசிவிட்டுப் போனார்கள். வீடியோக்கள் பொய் என்பதை நம் டி.ஜி.பி. எத்தனை முறை சொன்னாலும் நம்பாதவர்கள், சொந்த ஊர் அதிகாரி சொன்னபோது நம்பினார்கள். அந்தக் குழுவுக்கு யாரும் சினிமா எடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் இதை ஒரு ஒப்பந்தமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டின் ஷெங்கன் உடன்படிக்கையின் 41வது பிரிவு. ஒரு நாட்டு போலீஸ் குற்றவாளியைத் துரத்திக்கொண்டு பக்கத்து நாட்டுக்குள் நுழையலாம். ஆனால் அந்நாட்டு அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும், போலீஸ் என்று பார்த்ததும் தெரிய வேண்டும், வீடுகளுக்குள் நுழையக்கூடாது, துப்பாக்கி தற்காப்புக்கு மட்டும். எல்லாம் முடிந்த பிறகு உள்ளூர் அதிகாரிகள் முன்னால் நேரில் போய் நின்று நடந்ததை விவரிக்க வேண்டும். ஆள் சிக்கினாலும் சிக்காவிட்டாலும். தனித்தனி தேசங்களே அப்படிச் செய்கின்றன. நம்மிடமும் இல்லாமலில்லை. 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வெளிமாநிலக் கைதுகளுக்கு ஒரு நெறிமுறை சொன்னது: மேலதிகாரியின் முன் அனுமதி, போனதும் உள்ளூர் ஸ்டேஷனில் தகவல், திரும்பும்போது யாரைக் கொண்டுபோகிறோம் என்று அங்கே பதிவு, முடிந்தவரை டிரான்சிட் ரிமாண்ட். ஒரு டைரியில் நாலு வரி. அவ்வளவுதான் கேட்கிறது.

இதை ஏட்டிடம் சொன்னேன். "எழுதிட்டு வரலாம் தம்பி. ஆனா ஆளு ஓடிட்டா பதிலு நாந்தான சொல்லணும்?" என்றார். நியாயமான பயம்தான். தகவல் கசியும் என்பதும் பொய்யில்லை, உள்ளூர் போலீசுக்கும் திருடனுக்கும் உறவு இருக்கும் ஊர்களும் உண்டு. போகும்போது சொல்வதில் அந்த ஆபத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். திரும்பும்போது சொல்வதில் என்ன ஆபத்து? ஆள் கையில் இருக்கிறான், இனி ஓட முடியாது. அப்போதும் எழுதாமல் வண்டி கிளம்பினால், மறைப்பது திருடனிடமிருந்து அல்ல என்றுதான் அர்த்தம். ஏட்டு இதற்குப் பதில் சொல்லவில்லை, இன்னொரு டீ சொன்னார்.

போலீஸ் எல்லை தாண்டுவது எவ்வளவு சுலபமோ, கணக்குக் கேட்பவர் தாண்டுவது அவ்வளவு கடினம். சேஷாசலத்தில் செத்த ஒருவரின் மனைவி மறு பிரேதப் பரிசோதனை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். சம்பவம் நடந்தது ஆந்திராவில், அங்கே போய்க் கேளுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. ஆறு உடல்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் காத்துக் கிடக்க, ஹைதராபாத் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் உத்தரவு வாங்கினார்கள். அதிரடிப்படைக்கு ஒரு போன் காலில் ஆவது, மலைக்கிராமத்து விதவைக்கு இரண்டு ஹைகோர்ட் ஆகிறது.

எங்கள் ஒன்றியத்தில் இருளர் குடியிருப்புகள் நிறைய. ஏரிக்கரையிலும் சூளைகளுக்குப் பின்னாலும் இருக்கும். அப்படி ஒரு குடியிருப்பில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் சொல்லிக்கொடுக்க நாங்கள் சிலர் போவதுண்டு. புளியாண்டப்பட்டி செய்தி வந்த வாரம் அங்கிருந்த இளைஞன் ஒருவன், ஐ.டி.ஐ. படிக்கிறவன், போனில் அதைக் காட்டி, "வேற ஸ்டேட் போலீசு வந்து ஏத்திக்கினு போனா என்னாண்ணா செய்யறது?" என்று கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். எந்த வழக்கு என்று கேட்கலாம், வீட்டாருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்வதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, இலவச சட்ட உதவிக்கு 15100. பக்கத்தில் இருக்கும் மாஜிஸ்திரேட் முன்னால் 24 மணி நேரத்தில் நிறுத்த வேண்டும்.

நம்பரைப் போனில் பதிந்துகொண்டான். "பக்கத்துல இருக்கற கோர்ட்டுன்னா உத்திரமேரூர் கோர்ட்டுதானண்ணா?"

ஆமாம் என்றேன்.

"பஸ்ஸுல போவச்சொல்ல டெய்லி பாக்கறேன். அவங்க வண்டிய அங்க நிறுத்துவாங்களா?"